பேனா மூடிச் சிவப்பு

எங்கள் தெருப் பிள்ளைகளின் கலர்ப் பெட்டியில் முதலில் தீர்ந்துபோவது சிவப்புதான். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கொடி வரைவார்கள், முழுக்கச் சிவப்பு. கழகத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் கொடிதான் வரைவார்கள், மேலே கறுப்பு, கீழே சிவப்பு. கட்சி எதுவானாலும் தேயும் குச்சி ஒன்றுதான். அடுத்துத் தீர்வது பச்சை. கீழ்வேளூர்ப் பக்கத்தில் வயலில்லாமல் ஒரு படம் வரைய வேண்டுமென்றால் கடலைத்தான் வரைய வேண்டும், அதற்கு நீலம் வேண்டும். ஆக, கடைசிவரை பெட்டியில் கிடப்பது ஊதா, சாம்பல், பழுப்பு, ஆரஞ்சு, அப்புறம் ‘ஸ்கின் கலர்’ என்று ஒரு குச்சி. யாருடைய ஸ்கின் என்று எங்களுக்குப் புரிந்ததே இல்லை. எங்கள் தெருவில் யாரை வரைந்தாலும் பழுப்பைத்தான் எடுப்போம். ஸ்கின் கலர் மட்டும் கூர் மழுங்காமல், மேலே சுற்றிய காகிதம் கிழியாமல், வந்த விருந்தாளி மாதிரி பெட்டியில் உட்கார்ந்திருக்கும்.

எனக்கு அப்போது பதினோரு வயது இருக்கும். ஒடிந்த மெழுகுக் குச்சிகளை ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. ஒடிந்ததைத் தூக்கி எறிய மனம் வராது, அவ்வளவுதான். அந்த டப்பாவை வைத்துத்தான் என் அக்கா ராணியாகப் போகிறாள் என்று யாராவது சொல்லியிருந்தால் முதலில் சிரித்திருப்பவள் அக்காதான்.

அக்கா பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்தாள். கடைசி பெஞ்சு. வகுப்பில் அவள் வாய் திறந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. ஆண்டு விழா நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது தமிழ் ஐயா எல்லாரையும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அக்கா வாசித்து முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “இத்தனை நாளா இந்தக் குரலை எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்த?” என்று கேட்டாராம். அவளே ராணி என்று அங்கேயே முடிவாகிவிட்டது. வீட்டுக்கு வந்து இதை அக்கா மூன்று தடவை சொன்னாள். அதற்கு முன் அவளிடம் யாரும் ‘நீ பேசு’ என்று சொன்னதே இல்லை. ‘சத்தம் போடாதே’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

நாடகம் தமிழ் ஐயா எழுதியது. அந்தக் காலத்துத் தமிழ் ஐயாக்கள் நாடகம் எழுதினால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தோளில் கரை போட்ட துண்டு, வாயில் அடுக்குமொழி. ராணி கொலுமண்டபத்தில் எழுந்து நின்று, “மண்ணை மறப்பவன் மானத்தை மறப்பான்! மானத்தை மறப்பவன் மனிதனே அல்லன்! மந்திரி, முரசை முழங்கச் சொல்!” என்று முழங்க வேண்டும். அக்கா இதை மாடு அவிழ்க்கும்போதும் சொன்னாள், விறகு உடைக்கும்போதும் சொன்னாள். தெருவே மனப்பாடம் செய்துவிட்டது. எதிர்வீட்டுக் கைக்குழந்தை ‘ம’ என்று வாயெடுத்தால், ‘இதுவும் முரசு முழங்கச் சொல்லுது’ என்று கேலி பண்ணினார்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒத்திகையில் தமிழ் ஐயா ஒரு குண்டைப் போட்டார். மேக்கப் போட வெளியாள் வரமாட்டார், அவரவர் பவுடர், மை, உதட்டுச் சாயம் எல்லாம் அவரவரே கொண்டுவர வேண்டும். “ட்யூப்லைட் வெளிச்சத்துல உதடு தெரியலன்னா வசனம் பேசுறது யாருன்னே ஜனங்களுக்குத் தெரியாதும்மா. சாயம் இல்லாம வந்தீன்னா உன்னைத் தோழியாக்கிட்டு அவளை ராணியாக்கிடுவேன்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் கைகாட்டிய ‘அவள்’ தோழி வேடம் போடும் ரைஸ்மில்காரர் மகள். அவளுக்குச் சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த லிப்ஸ்டிக் இருந்தது. ராணியின் வசனம் முழுக்க அவளுக்குத் தெரியும். ஒத்திகையில் அக்கா பேசப் பேச அவள் உதடும் சத்தமில்லாமல் கூடவே அசையும்.

தமிழ் ஐயா விளையாட்டுக்குத்தான் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் பெரியவர்கள் விளையாட்டாகச் சொல்வது எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நிஜமாகவே நடந்துவிடும் என்பது அக்காவின் அனுபவம். அன்று சாயங்காலம் வந்தவள் சோறு வேண்டாம் என்றாள். “அவகிட்ட இரவல் கேளேன்” என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. சீப்பு இரவல் கேட்கலாம், கண்ணாடி கேட்கலாம். லிப்ஸ்டிக் வாயில் படுவது. யார் வாயில் பட்டதை யார் தொடுவார்கள் என்பதில் எங்கள் ஊருக்கு ஒரு பெரிய சட்டப் புத்தகமே இருந்தது, யாரும் எழுதாமலே. மில்காரர் மகள் மாட்டேன் என்று சொல்லியிருப்பாள் என்றுகூட நான் சொல்லவில்லை. அவளிடம் போய் நின்று, அவள் முகம் மாறுவதை ஒரு நொடி பார்க்க நேர்ந்தால், அதற்கப்புறம் அக்காவால் எந்த முரசையும் முழங்கச் சொல்ல முடியாது.

யோசனை எனக்குத்தான் வந்தது. வந்த இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அம்மாவின் குதிகாலிலிருந்து வந்தது.

அறுவடை முடிந்து வயல் காய்கிற மாதங்களில் அம்மாவின் குதிகாலும் வயலைப் போலவே வெடிக்கும். ஒடிந்த மெழுகுவர்த்தியைக் கரண்டியில் உருக்கி, வேப்பெண்ணெய் ஊற்றிக் குழைத்து, ஒரு கொட்டாங்கச்சியில் வைத்திருப்பாள். படுக்குமுன் வெடிப்பில் வைத்து அடைப்பாள். அன்றும் அப்படி அடைத்துக்கொண்டிருந்தாள். மெழுகு எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகி, தோலில் பிடித்து நிற்பதைப் பார்த்தேன். என் டப்பாவில் இருப்பதும் மெழுகுதானே. கலர் போட்ட மெழுகு.

“அம்மா, உன் கால் மருந்துல கொஞ்சம் எடுத்துக்கவா?”

“ஒனக்கு எங்கடி வெடிச்சிருக்கு?”

“வாயில.”

விஷயத்தைச் சொன்னதும் அம்மா கொட்டாங்கச்சியைக் கீழே வைத்துவிட்டாள். “காலுக்குப் பூசுறதை வாயில பூசப் போறீங்களா? ஒங்களுக்கு என்ன கிறுக்கா?” என்று கத்தினாள். பிறகு அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பதைப் பார்த்தாள். “மேடைக்கு மட்டும்தான். எறங்குனதும் அழிச்சுடணும். செவப்பு வாயோட தெருவுல நின்னே, பார்த்துக்க” என்று சொல்லிவிட்டுக் கொட்டாங்கச்சியை என் பக்கம் தள்ளினாள். அம்மா எதையும் முழு மனதோடு கொடுக்கமாட்டாள். ஆனால் கொடுத்துவிடுவாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு யாராவது குழந்தைகளின் மெழுகுக் குச்சியை உருக்கி உதட்டில் பூசப் போவதாகச் சொன்னால் நானே கையைப் பிடித்துத் தடுப்பேன். அந்தக் கலரில் என்னென்ன கலந்திருந்தார்களோ. எங்களுக்கு அப்போது அந்த யோசனையெல்லாம் இல்லை. வயலுக்கு மருந்து அடித்த கையை வாய்க்காலில் அலம்பிவிட்டு அப்படியே சோறு தின்றவர்கள் நாங்கள்.

சிவப்பு வேண்டுமே? என் டப்பாவில் இருந்த சிவப்பு ஒரு உளுந்து அளவு. மறுநாள் காலை தெருவில் வீடு வீடாகப் போனேன். “ராணிக்கு வரி கட்டுங்க” என்று வாசலில் நின்று குரல் கொடுத்தேன். தெருப் பிள்ளைகள் பைக்கட்டைக் கவிழ்த்துத் தேடினார்கள். சிவப்புக் குச்சியின் வால், சிவப்புக் குச்சியின் பொடி, காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சிவப்பு. ஒருத்தி பாதி வரைந்த கொடியை நிறுத்திவிட்டுக் கையிலிருந்த துண்டைக் கொடுத்தாள். அந்தக் கொடி மேலே கறுப்போடும் கீழே வெறும் காகிதத்தோடும் நின்றது. “வரி கட்டுனவங்களுக்கு முன்வரிசையில எடம்” என்று எனக்குச் சம்பந்தமில்லாத வாக்குறுதியெல்லாம் கொடுத்தேன். ஆளும் அரசுகளிடம் கற்றதுதான்.

முதல் முயற்சி கேவலமாகத் தோற்றது. அம்மாவின் களிம்பிலேயே சிவப்பை உருக்கிக் கலந்தோம். நிறம் பரவாயில்லை. அக்கா உதட்டில் தடவி நாக்கால் தொட்டதுதான் தாமதம், கொல்லைக்கு ஓடிப் போய்த் துப்பினாள். வேப்பெண்ணெயை நான் மறந்துவிட்டேன். ராணி கொலுமண்டபத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றால் மந்திரி என்ன நினைப்பார்?

இரண்டாவது முறை புது மெழுகுவர்த்தியும் தேங்காய் எண்ணெயும். இம்முறை லிப்ஸ்டிக் லிப்ஸ்டிக் மாதிரி இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அக்காவின் உடைந்துபோன மைப்பேனாவின் மூடியை அச்சாக வைத்து அதில் ஊற்றினேன். ஆறியதும் தட்டினால் குச்சியாக விழும் என்று கணக்கு. விழுந்தது. ஆனால் மூடிக்குள் காய்ந்துகிடந்த மை அதில் ஏறி, நாவற்பழம் தின்ற வாய் மாதிரி நீலக் கோடு ஓடியது. அது போகட்டும், பூசிப் பார்ப்போம் என்று பூசினாள். அப்போதுதான் பெரிய வில்லங்கம் தெரிந்தது. மெழுகு அதிகம். உதடு இறுகிக்கொண்டது.

“மண்ணை மறப்பவன்” என்று ஆரம்பித்தாள். ‘ம’ சொல்ல உதடு இரண்டும் ஒட்ட வேண்டும். ஒட்டியது. பிரியவில்லை.

“ம்ம்ம்…” என்றாள் அக்கா.

நான் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குக் கோபத்தில் கண்ணீரே வந்துவிட்டது. உதட்டைப் பிய்த்து எடுத்துவிட்டு, “தமிழ் ஐயா ஏன்தான் எல்லாத்தையும் மானாவுலயே எழுதுனாரோ! கானாவுல எழுதியிருக்கக் கூடாதா?” என்றாள். வாஸ்தவம்தான். மண், மானம், மனிதன், மந்திரி, முரசு. அந்த நாடகத்தில் உதடு ஒட்டாத வார்த்தையைத் தேட வேண்டும். மேடையில் உதட்டுச் சாயம் பூசிய ஒரு பெண் பேசப் போகிறாள் என்று எந்த அடுக்குமொழிக்காரர் யோசித்தார்?

மூன்றாவது முறை மெழுகுவர்த்தியே வேண்டாம் என்று முடிவு செய்தோம். குச்சிகளிலேயே மெழுகு இருக்கிறது. எண்ணெயும் மாற்றினோம், விளக்கெண்ணெய். ஒட்டும், ஆனால் வழுக்கும். தாளிப்புக் கரண்டியை அடுப்பின் ஓரத் தணலில் வைத்து, தெரு முழுக்க வசூலித்த சிவப்பில் மிச்சமிருந்ததைப் போட்டேன். போதவில்லை. ஆரஞ்சு இரண்டு துண்டு. கொஞ்சம் பழுப்பு. அப்படியும் இருட்டாகவே இருந்தது. எங்கள் உதட்டின் சொந்த நிறத்தின் மேல் போட்டால் தெரியவே தெரியாது. டப்பா காலி, கலர்ப் பெட்டியைத் துழாவினேன். முழுசாக, கூர்கூட மழுங்காமல், அந்த ஸ்கின் கலர் குச்சி கிடந்தது.

“இதுக்கு இன்னைக்காவது ஒரு வேலை வரட்டும்” என்று சொல்லிக் காகிதத்தை உரித்துக் கரண்டியில் போட்டேன். யாருடைய தோலோ, எங்கள் சிவப்பில் கரைந்துபோனது. சிவப்பு சட்டென்று பளிச்சென்று எழுந்து வந்தது. புளி போட்டுத் தேய்த்துக் கழுவிய பேனா மூடியில் ஊற்றி, தண்ணீர்ப் பானையின் அடியில் ஈர மணலில் குத்தி வைத்தோம். குச்சியாக விழவில்லை, மெத்தென்று மூடிக்குள்ளேயே நின்றது. விரலால் தொட்டு எடுக்க வேண்டும். அக்கா பூசிக்கொண்டு, கண்ணாடித் துண்டில் பார்த்து, ராணி வசனத்தை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். ஒரு ‘ம’ கூட ஒட்டவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த மகிழ்ச்சியை அப்புறம் நான் வாங்கிய எந்தச் சம்பளமும் எனக்குத் தரவில்லை.

ஆண்டு விழா அன்று சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் கிளம்பினோம். அப்பா இல்லை. அறுவடைத் தகராறு வழக்கில் அவருக்கு நாகப்பட்டினத்தில் வாய்தா. வாய்தா என்பது எங்கள் வீட்டில் அமாவாசை மாதிரி, தவறாமல் வரும். அம்மா வருவதாகச் சொன்னதே அதிசயம். பள்ளிக்கூட வாசலை அவள் மிதித்ததில்லை. இருப்பதில் நல்லதான வெளிர்மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு வெற்றிலைப் பையை இடுப்பில் செருகினாள். அக்கா வீட்டிலேயே சாயம் பூசிக்கொண்டுவிட்டாள். பள்ளியில் எல்லாருக்கும் முன்னால் பேனா மூடியை எடுத்து விரலை விட்டுத் துழாவ அவளுக்கு வெட்கம். தடிமனாகவே பூசியிருந்தாள், மூடியில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். நான் அந்த மூடியைப் பாவாடை இடுப்பில் சொருகிக்கொண்டேன். மேக்கப்காரி நான்தானே. அம்மா அக்காவின் வாயை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பள்ளிக்குப் போகிற வாய்க்கால் கரை பண்ணை வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். ஒரு காலத்தில் சுற்றுவட்டார நிலமெல்லாம் அந்த வீட்டுக்காரருடையது. எங்கள் தெருவின் மனைகளும் அவருடையவையே. எங்கள் ஆட்கள் அவரை ‘ஆண்டை’ என்பார்கள். நிலச் சட்டம் வந்து, சங்கம் வந்து, எங்களுக்கு மனைப்பட்டா வந்து, ஆண்டை மெட்ராஸுக்குப் போய் வெகுநாளாகிவிட்டது. வீடு பூட்டிக் கிடந்தது. இரும்புக் கதவில் கோவைக்கொடி ஏறியிருந்தது. உள்ளே ஆள் இல்லை, ஆடு மேய்ந்தது.

ஆனாலும் அம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. அந்த வாசலுக்கு முன்னால் இருக்கிற வளைவு வந்ததும் வாயிலிருக்கும் வெற்றிலையை வாய்க்காலில் துப்புவாள். முந்தானையால் உதட்டைத் துடைப்பாள். பேச்சின் நடுவிலும் செய்வாள், தலையில் புல்லுக்கட்டு இருந்தாலும் செய்வாள். கோயில் கோபுரத்தைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி அவள் கை தானாகப் போகும். நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்ததால் ஏன் என்று கேட்கத் தோன்றியதில்லை.

அன்றும் வளைவு வந்தது. அம்மா துப்பினாள். தன் வாயைத் துடைத்தாள். அதே கையோடு, அதே முந்தானையால், பக்கத்தில் வந்த அக்காவின் தாடையைப் பிடித்து அவள் வாயையும் அழுத்தி ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்டாள்.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்கே புரியவில்லை. வெளிர்மஞ்சள் முந்தானையில் ராணியின் உதடு இழுபட்டுக் கிடந்தது. அக்கா கையால் வாயைத் தொட்டுப் பார்த்தாள். கன்னம் வரை தீற்றியிருந்தது, உதட்டில் ஒன்றுமில்லை. அவள் அழவில்லை. “சரி, நான் தோழியாவே நடிச்சுக்கறேன்” என்று மெல்லச் சொன்னாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. “ஏம்மா தொடச்ச? யாரு இருக்கா அங்க? பாரு, யாரு இருக்கா? ஆடுதான் நிக்குது! ஆட்டுக்குப் பயந்தா தொடச்ச?” என்று அந்தக் கதவைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினேன்.

அம்மா முந்தானையைப் பிடித்தபடியே நின்றாள். அவள் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை.

“வேணும்னு தொடைக்கலடி. கை போயிடுச்சு” என்றாள். பிறகு அக்காவைப் பார்த்தபடியே சொன்னாள். “ஒன் வயசுதான் எனக்கு. வெத்தலை போட்டுக்கிட்டு, நடவாளுங்களோட சிரிச்சுக்கிட்டே இந்த வழியா வந்தேன். நம்ம ஆளுங்க செவந்த வாயோட இந்த வாசலைத் தாண்டக் கூடாது. தெரியும், அன்னைக்கு நெனப்பு இல்ல. ஆண்டை நிக்கச் சொன்னாரு. வாய்க்கா மணலை அள்ளி வாயைத் தேய்க்கச் சொன்னாரு. தேச்சேன். ஒதடு கிழிஞ்சு ரத்தம் வந்துடுச்சு. ‘இன்னும் செவப்பாத்தானே இருக்கு, நல்லாத் தேய்’னாரு.”

அவ்வளவுதான் சொன்னாள். வாய்க்காலில் தண்ணீர் கொஞ்சமாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. அக்காதான் முதலில் அசைந்தாள். தன் கன்னத்துத் தீற்றலைத் துடைக்காமல், அம்மாவின் உதட்டைக் குனிந்து பார்த்தாள். கீழுதட்டின் ஓரத்தில் ஒரு சின்ன வடு உண்டு. வெற்றிலைக் கறை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம்.

“மிச்சம் இருக்கா?” என்று அம்மா என்னிடம் கேட்டாள்.

இடுப்பிலிருந்து மூடியை எடுத்துக் கொடுத்தேன். அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம், காற்றுப் பட்டு இறுகியிருந்தது. மூடியை உள்ளங்கையில் பொத்தி, வாயருகே வைத்து அடிவயிற்றிலிருந்து ஊதி ஊதிச் சூடாக்கினாள். வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்து ஓரமெல்லாம் சுரண்டினாள். ஒரு துளிகூட விடவில்லை. நெல் தூற்றும்போது பதரோடு போகிற மணியைப் பொறுக்குகிறவளுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

“வாம்மா, கொஞ்சம் தள்ளிப் போயி பூசிக்கலாம்” என்றாள் அக்கா. அவள் கண் இரும்புக் கதவைப் பார்த்தது. அவளுக்கும் அந்தப் பயம் இப்போது தொற்றிக்கொண்டது.

“எதுக்கு? இங்கயே நில்லு. வாயைக் காட்டு.”

கதவுக்கு நேர் எதிரே, வெயில் முகத்தில் படும்படி அக்காவை நிறுத்தினாள். சுண்டுவிரலால் தொட்டு, மேலுதட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்கு, பிறகு கீழுதடு. அம்மாவின் விரல் அரம் மாதிரி சொரசொரவென்று இருக்கும். அந்த விரல் நாற்று முடிச்சைப் பிரிக்கிற பதத்தில் போய் வந்தது. அவசரப்படவே இல்லை. சைக்கிளில் போன ஒருவர் நின்று பார்த்தார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்து, “நாடகத்துக்குப் போறோம்ணே. என் மவதான் ராணி” என்றாள். அவர் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள்.

சாயம் போதுமானதாக இருந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் மெல்லிசு. முந்தானையில் இருந்ததையும் விரலால் தொட்டு எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். வெற்றிலைச் சாறும் அதில் இருந்திருக்கும். அக்கா உதட்டை ஒட்டிப் பிரித்துப் பார்த்துக்கொண்டாள்.

மேடைக்குப் பின்னால் மில்காரர் மகள் அக்காவின் வாயைக் கூர்ந்து பார்த்துவிட்டு, “என்ன கம்பெனி?” என்று கேட்டாள். “லோக்கல்” என்றாள் அக்கா. “என்னோடது ரொம்ப ரோஸா அடிக்குது. ஒன்னோடது கொஞ்சம் தர்றியா?” என்று அவள் சாதாரணமாகக் கை நீட்டினாள். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூடி காலி. காலி என்று காட்டினேன். அவள் நிஜமாகவே ஏமாந்துபோனாள். அந்தப் பெண்ணைப் பற்றி நாங்கள் என்னென்ன நினைத்துப் பயந்திருந்தோம். அதில் பாதி அவள் தப்பில்லை.

திரை விலகியது. தமிழ் ஐயா சொன்னது சரிதான், ட்யூப்லைட் வெளிச்சத்தில் அந்த வாய் மட்டும் தனியாகத் தெரிந்தது. “மண்ணை மறப்பவன் மானத்தை மறப்பான்!” என்று அக்கா குரலை உயர்த்தியபோது மைக் ஒருமுறை வீலென்று கத்தி அடங்கியது. ஒரு ‘ம’ கூட ஒட்டவில்லை. வரி கட்டிய எங்கள் தெருப் பிள்ளைகள் முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்து வசனத்தைக் கூடவே சொன்னார்கள். அம்மா பெண்கள் பக்கம் கயிற்றை ஒட்டி நின்றாள். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. எல்லாரும் கைதட்டியபோது அவள் தட்டவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். இறங்கியதும் அழிச்சுடணும் என்று சொன்னவள், அக்கா இறங்கி வந்தபோது அதைப் பற்றிப் பேசவே இல்லை. வீடு வரை அக்கா சிவந்த வாயோடுதான் வந்தாள்.

மறுநாள் விடுமுறை. காலையில் அம்மா பயறு பறிக்கப் புறப்பட்டாள், கூடப் பறிக்க நானும் போனேன். தெருப் பெண்கள் முன்னும் பின்னுமாக வந்தார்கள். எல்லாருக்கும் நாடகப் பேச்சுதான். அம்மா அதே வெளிர்மஞ்சள் புடவையைக் கட்டியிருந்தாள், இனி அது வேலைப் புடவைதான். ராத்திரியே சோப்புப் போட்டுக் கசக்கிக் காயப்போட்டும் முந்தானைக் கறை போகவில்லை. மெழுகு அல்லவா, அது அந்தப் புடவை நைந்து கிழியும் வரை போகவில்லை. வாயில் வெற்றிலை குதப்பியபடி, ராணி எப்படி நின்றாள், எப்படிக் கையை ஓங்கினாள் என்று நடந்துகொண்டே காட்டிக்கொண்டு வந்தாள்.

வளைவு வந்தது. நான் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை ராணிக்காக ஓங்கியபடியே இருந்தது. இரும்புக் கதவு வந்தது. கதவைத் தாண்டினோம். சிவந்த வாயோடு அம்மா சிரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தாள்.

“அம்மா” என்றேன். “துப்பலயா?”

அம்மா நின்றாள். திரும்பிக் கதவைப் பார்த்தாள். தூரத்தில் இருந்தது.

“அட” என்றாள். “மறந்தே போச்சுடி.”